துப்புத் துலங்க, புத்தி கலங்க

துப்பறியும் கதை வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு எளிமையானது. தடயங்கள் சேரச் சேரக் குழப்பம் தீரும், முடிவில் குற்றவாளி அகப்படுவான், ஊர் நிம்மதியாகத் தூங்கப் போகும். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்த எச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) இந்த வாக்கைத் தலைகீழாக்கினார். 1928இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வெளிவந்த அவருடைய ‘தி கால் ஆஃப் க்துல்ஹு’வைக் கதை என்பதைவிடக் கோப்பு என்று சொல்லலாம். இறந்துபோன பேராசிரியர் ஒருவரின் காகிதங்கள் உறவினர் கையில் சிக்குகின்றன. சிற்பி ஒருவனின் கனவுக் குறிப்பு, போலீஸ் அதிகாரியின் விவரணை, பத்திரிகைத் துணுக்கு, மாலுமியின் கையெழுத்துப் பிரதி என எல்லாவற்றையும் அவர் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார். பொருத்தம் சரியாகவே வருகிறது. வினையும் அங்கேதான் தொடங்குகிறது. மனித இனத்தைத் தூசுக்கும் மதிக்காத க்துல்ஹு என்ற ஒன்று கடலடியில் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு அவருக்கு உறக்கம் ஏது?

அண்டத் திகில் என்று நாம் அழைக்கும் இந்த வகையைத் துப்பறியும் வீடியோ கேமாக மாற்ற நினைப்பவருக்கு முதலடியிலேயே ஒரு முரண் காத்திருக்கிறது. விடை கண்டால் பரிசு தருவது விளையாட்டின் இயல்பு. இங்கோ விடைதான் தண்டனை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வெளிவந்த கேம்களை இந்த முரணை எப்படிக் கையாண்டன என்று வைத்துப் பார்த்தால், மிகக் கச்சிதமான தீர்வு கணினிக்கு வெளியே பிறந்தது என்பது தெரியும்.

1981இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ‘கால் ஆஃப் க்துல்ஹு’ மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாளும் பகடையுமாக ஆடும் விளையாட்டு. வடிவமைத்தவர் சாண்டி பீட்டர்சன். அதில் ஆட்டக்காரர்கள் வாளேந்திய வீரர்கள் அல்லர். பேராசிரியர், நிருபர், தனியார் துப்பறிவாளர் போன்றவர்கள். ஒவ்வொருவருக்கும் சித்தத் தெளிவுக்கு ஒரு மதிப்பெண் உண்டு. கோரத்தைக் கண்டால் அது குறையும், ஓய்வும் சிகிச்சையும் கிடைத்தால் ஓரளவு மீளும். ஆனால் இத்தகைய கோரங்களைப் பற்றிய மறை அறிவுக்கென்று தனியாக ஒரு திறன் இருக்கிறது. 99இலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் சித்தத்தின் உச்சவரம்பு. தடைசெய்யப்பட்ட நூல்களைப் படித்துப் பத்துப் புள்ளி சேர்த்தவர் எந்த மருத்துவரிடம் போனாலும் 89ஐத் தாண்ட முடியாது. லவ்கிராஃப்டின் மொத்த உலகநோக்கையும் ஒரு கழித்தல் கணக்கில் அடக்கிய விதி இது.

கணினிக்கு வந்த கேம்கள் இந்தக் கணக்கில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. சித்தத்துக்கு ஓர் அளவுகோல் வைத்தன, அறிவோடு அதற்கிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டன.

தொடக்கத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் 1992இல் வெளியிட்ட ‘அலோன் இன் த டார்க்’கில் சித்த அளவுகோலே கிடையாது. லூசியானாவில் டெர்செட்டோ என்ற மாளிகை. உரிமையாளர் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார். ஏன் என்று பார்க்க எட்வர்ட் கார்ன்பியோ எமிலி ஹார்ட்வுட்டோ உள்ளே போகிறார்கள். அங்கே கிடைக்கும் நூல்களில் ஒன்றைத் தப்பான இடத்தில் நின்று படித்தால் ஆள் அங்கேயே செத்துவிடுவார். படிப்பு ஆளைக் கொல்லும் என்பதை ஒரே அடியில் உணர்த்திய காட்சி அது. ஆனால் இந்த கேம் விட்டுச்சென்ற மரபை எடுத்துக்கொண்டவர்கள் நூலகத்தை விட்டுவிட்டுப் பூட்டிய கதவுகளையும் நடைபிணங்களையும் எடுத்துக்கொண்டார்கள். 1996இன் ‘ரெசிடென்ட் ஈவில்’ அந்த வழியில் வந்ததுதான்.

2002இல் நின்டென்டோவின் கேம்கியூபுக்கு வந்த ‘எடர்னல் டார்க்னெஸ்’ சித்தக் கலக்கத்தைத் திரைக்கு வெளியே, ஆடுபவரின் அறைக்கே கொண்டுவந்தது. தொலைக்காட்சியின் ஒலி தானே குறைவதுபோல் காட்டும். சேமித்து வைத்த ஆட்டமெல்லாம் அழிகிறது என்று அறிவிக்கும். எல்லாம் பொய். அருமையான குறும்பு, ஆனால் இரண்டாம் முறை பலிக்காது. 2005இன் ‘டார்க் கார்னர்ஸ் ஆஃப் தி எர்த்’ இதைவிட அடக்கமானது. திரையில் எண்ணோ பட்டையோ எதுவும் இல்லை. பார்வை மங்குவதும் இதயம் அடித்துக்கொள்வதுமே குறிப்பு. லவ்கிராஃப்டின் கற்பனை ஊரான இன்ஸ்மவுத்தின் விடுதியில் நள்ளிரவில் கும்பல் கதவை உடைக்க, நாம் தாழ்ப்பாளைப் போட்டு, அலமாரியை நகர்த்தி அடைத்து, அறை அறையாக ஓடும் காட்சியை இன்றும் சிலாகிக்கிறார்கள். சிலாகிக்கத் தக்கதுதான். ஆனால் அங்கே நாம் ஓடுகிறோம், எதையும் துப்பறியவில்லை.

துப்பறிதலை உண்மையாகவே நடுவில் வைத்தவர்கள் உக்ரைனின் ஃபிராக்வேர்ஸ் குழுவினர். ஷெர்லாக் ஹோம்ஸ் கேம்களில் கைதேர்ந்த அவர்கள், ‘தி அவேக்கன்ட்’டில் ஹோம்ஸையே க்துல்ஹு வழிபாட்டாளர்களோடு மோதவிட்டார்கள். அதை முழுவதும் புதுக்கி, போருக்கு நடுவே 2023இல் மீண்டும் வெளியிட்டதும் அவர்களே. 2019இல் வந்த அவர்களது ‘தி சிங்கிங் சிட்டி’ விரிவாகப் பேசவேண்டிய ஒன்று.

மாசசூசெட்ஸில் ஓக்மான்ட் என்ற கற்பனை ஊர். பாதித் தெருக்களில் கடல் நீர், படகில்தான் போகவேண்டும். கெட்ட கனவுகளுக்குக் காரணம் தேடி வரும் சார்லஸ் ரீட் என்ற துப்பறிவாளராக நாம் ஆடுகிறோம். பிற கேம்களில் அடுத்து எங்கே போகவேண்டும் என்று வரைபடத்தில் அம்புக்குறி மின்னும். இங்கே ஒரு சாட்சி இந்தத் தெருவும் அந்தத் தெருவும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்று சொல்வார். வரைபடத்தைப் பிரித்து, தெருவைத் தேடி, குறியை நாமே வைக்கவேண்டும். முகவரி தெரியாவிட்டால் நூலகம், காவல் நிலையம், மருத்துவமனை, பத்திரிகை அலுவலகம் ஆகியவற்றில் எந்த ஆவணக் காப்பகத்தில் விசாரிப்பது என்று யோசித்து, காலம், பகுதி, பொருள் என்று வடிகட்டித் தேடவேண்டும். பழைய இதழ்களுக்காகக் காப்பகத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த இன்பம் தெரியும். சரியான தாள் அகப்படும் கணத்தில் நம் மூளைதான் வேலை செய்தது என்ற திருப்தி வருகிறது. லவ்கிராஃப்டின் நாயகர்களும் இப்படித்தான் கெட்டுப்போனார்கள்.

கோட்டைவிட்டது சித்த அளவுகோலில். மறைந்த தடயத்தைக் காணும் அமானுஷ்யப் பார்வையை ரீட் பயன்படுத்தினால் பட்டை குறைகிறது, சற்றே காத்திருந்தால் தானே நிரம்புகிறது. காலியானால் மறுபடி ஊற்றிக்கொள்ளும் தண்ணீர்த் தொட்டிபோல ஆகிவிடுகிறது பைத்தியம். சண்டைகளோ அலுப்பு. கடைசியில் தரும் தேர்வுகளில் எல்லா முடிவுகளையும் பார்க்க, சேமித்த ஆட்டத்தை மறுபடி திறந்தால் போதும். உலகம் அழிவதுகூட ஒரு பொத்தான் தூரத்தில் திரும்பப்பெறத் தக்கதாகிறது.

லவ்கிராஃப்டின் இனவெறியையும் இங்கே கடந்துபோக முடியாது. இன்ஸ்மவுத் கதையின் பயமே கலப்பு ரத்தத்தைப் பற்றியது. ‘தி சிங்கிங் சிட்டி’ மீன்முக இன்ஸ்மவுத்வாசிகளை அகதிகளாகக் காட்டி, உள்ளூரார் அவர்களை வெறுப்பதை ஒரு வழக்காகவே ஆக்குகிறது. நல்ல திருப்பம், ஆனால் அதே முகங்களை நம்மைப் பயமுறுத்தவும் பயன்படுத்திக்கொள்கிறது. ஸ்பெயினிலிருந்து 2020இல் வந்த ‘கால் ஆஃப் த சீ’ இன்னும் துணிச்சலானது. காணாமற்போன கணவனைத் தேடித் தென் பசிபிக் தீவுக்குப் போகும் நோரா, தான் யார் என்று கண்டடைவதைத் திகிலாக அல்லாமல் விடுதலையாகக் காட்டுகிறது. விசாரிப்பவரே கடைசியில் தடயமாக மாறுவது இவ்வகையில் தேய்ந்துபோன உத்தி. நோராவின் கதையில்தான் அது புதிதாக இருக்கிறது.

2018இல் சயனைடு குழு கேயாசியத்தின் உரிமத்தோடு செய்த ‘கால் ஆஃப் க்துல்ஹு’வில் ஒரு நல்ல விதி உண்டு. மற்றத் திறன்களைப் புள்ளி கொடுத்து உயர்த்தலாம். மறையியலையும் மருத்துவத்தையும் மட்டும் நூல்களையும் பொருள்களையும் தேடிக் கண்டெடுத்துத்தான் உயர்த்தமுடியும். மற்றபடி சாதாரணம்.

பீட்டர்சனின் கழித்தல் கணக்குக்கு மிக நெருங்கி வந்தது, துப்பறியும் கேம் என்று யாரும் சொல்லாத ‘பிளட்போர்ன்’ (2015). அதில் உள்ஞானம் என்றொரு எண் ஏறிக்கொண்டே போகும். 40ஐத் தொட்டால், அதுவரை வெறுமையாகத் தெரிந்த தேவாலயச் சுவரில் ஒரு பிரம்மாண்ட ஜந்து தொற்றிக்கொண்டிருப்பது கண்ணுக்குப் படும். அது ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தது. உள்ஞானம் ஏறினால் சித்தவெறித் தாக்குதல்களும் நம்மை எளிதில் சாய்க்கும்.

இன்னொரு கோணத்திலிருந்து வந்தது லூகாஸ் போப்பின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ (2018). கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு அதிகாரியாக, 1807இல் ஆளில்லாமல் திரும்பிய கப்பலில் ஏறி, 60 பேரின் பெயரையும் கதியையும் பேரேட்டில் நிரப்பவேண்டும். மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் கேம் ஒப்புக்கொள்ளும். ஊகித்து ஒப்பேற்றுவது கடினம். கடலிலிருந்து எழுந்த பூதங்கள் என்ன என்பதற்கு விளக்கமே இல்லை. பேரேடு மட்டும் முழுமையடைகிறது, யார் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பது தீர்மானமாகிறது. சித்தப் பட்டை வைக்காமலே லவ்கிராஃப்டின் அலட்சியப் பிரபஞ்சத்தை ஒரு குமாஸ்தாவின் கணக்குக்குள் கொண்டுவந்த இதையே இவ்வகையின் உச்சம் என்பேன். திகில் விரும்பிகள் மறுக்கலாம்.

ஃபிராக்வேர்ஸ் 2024இல் ‘தி சிங்கிங் சிட்டி’யின் அடுத்த பாகத்தை அறிவித்தது. இம்முறை நீரில் மூழ்கும் ஊர் ஆர்க்கம். உயிர்பிழைத்தலே மையம், துப்பறிதல் விரும்பியவர்களுக்கு மட்டும் என்றார்கள். விற்பனைக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் முதல் பாகத்தில் மற்றவர்களுக்குக் கைவராதது அந்தக் காப்பக மேசைகளில்தான் இருந்தது. துப்பாக்கிச் சண்டையைச் சுமாராகச் செய்ய எத்தனையோ குழுக்கள் இருக்கின்றன.