கேட்டதும் கணக்கில் சேருமா?

இவ்வாண்டு பன்னிரண்டு அறிவியல் நூல்கள் படிப்பதென்று உறுதி பூண்டேன். ஏழாவதைக் காதால்தான் படித்தேன், நாமக்கல்–சேலம் பேருந்தில். கார்லோ ரோவெல்லியின் 'தி ஆர்டர் ஆஃப் டைம்' (ஆங்கிலத்தில் 2018). வாசித்தவர் நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச். நல்ல குரல். நினைவும் காலமும் பற்றிய பிற்பகுதி அக்குரலுக்கென்றே எழுதியது போலிருந்தது.

ஆனால், அன்பரே, மலைமேல் காலம் விரைந்தோடும் என்கிறார் ஆசிரியர். எவ்வளவு என்று யோசிப்பதற்குள் குரல் அடுத்த பத்திக்குப் போய்விட்டது! நூலில் ஒரே ஒரு சமன்பாடுதான். அதுவும் வெப்ப இயக்கவியலுடையது.

வீட்டில் பென்சிலை எடுத்தேன். சேலத்தைவிட ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். இதைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால், ஏற்காட்டுக் கடிகாரம் ஆண்டுக்குச் சுமார் 4 மைக்ரோ வினாடி முந்தும். அதன் பிறகே பட்டியலில் ஏழு என்று எழுதினேன்.