தஞ்சாவூர் சொல், புதுக்கோட்டை சொல்

மிருதங்கத்தில் தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று இரண்டு பாணி சொல்வது வழக்கம். முன்னதற்கு நாதம், பின்னதற்குக் கணக்கு என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. புதுக்கோட்டை வழியில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பி நாதத்தைக் கேட்டவர்கள் அப்படிப் பிரிக்க மாட்டார்கள்.

அந்த வழிக்கு மூலவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர். தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் பழனி முத்தையா பிள்ளையும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். முத்தையா பிள்ளையின் மகன்தான் சுப்பிரமணிய பிள்ளை. இடக்கைக்காரர் என்பதால் அவர் வாசிக்கும் கச்சேரியில் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது. அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஆதி தாளமே கேட்டிராத பிள்ளைகளுக்குச் சொல்கட்டு கற்றுக்கொடுத்தார்.

தஞ்சாவூரில் வைத்தியநாதய்யர் வீடே பள்ளிக்கூடம். பாலக்காடு மணி அய்யர் அங்கே வந்தது ஒன்றும் தெரியாமல் அல்ல. சொந்த ஊரில் பாடம் முடித்து, செம்பை வைத்தியநாத பாகவதருக்கு வாசித்த பையன். கைதட்டல் வாங்கிய பிறகு மறுபடியும் 'த தி தொம் நம்' முன்னால் உட்காரப் பெரிய மனது வேண்டும். மிருதங்கத்துக்கு முதன்முதலாக சங்கீத கலாநிதி கிடைத்தது 1966இல், அவர் மூலமாகத்தான். அதே வீட்டில் வளர்ந்தவர் டி.கே. மூர்த்தி. இருவர் வாசிப்பையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லிவிடலாம். ஒரு வாத்தியாரின் தரத்துக்கு நான் கேட்கும் சான்று இதுதான்: சீடர்கள் அவரைப்போலவும் இருக்கக் கூடாது, ஒருவரைப்போல் ஒருவரும் இருக்கக் கூடாது.

எனக்குப் பாடம் சொன்னவருக்கு அப்போது எழுபது வயதிருக்கும். சொல்லை வாயால் சொல்லாமல் வலந்தலையைத் தொட விடமாட்டார். ஒருநாள் கூடப் படித்த பையன், எங்கோ கேட்ட கோர்வை ஒன்றைத் திண்ணையில் வாசித்துக்கொண்டிருந்தான். திட்டு விழப்போகிறது என்று நினைத்தோம். அவரோ தொடையில் தாளம் போட்டபடி, "இன்னொரு தடவை வாசிடா" என்றார். மூன்று தடவை கேட்டார். பிறகு உள்ளே போய் நீல அட்டை நோட்டை எடுத்துவந்து எழுதிக்கொண்டார். மறுவாரம் அதே கோர்வை, இடம் தள்ளி எடுத்தபடி, எங்களுக்குப் பாடமாக வந்தது. யாரிடம் வாங்கியது என்பதையும் மறைக்கவில்லை. "இவன் கொடுத்தது" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்.

அவர் போன பிறகு அந்த நோட்டு பழைய பேப்பரோடு போய்விட்டது. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படியொரு நோட்டு இருந்தால், எடைக்குப் போடும் முன் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.