களவும் நுகர்வும்: ஒலிப்பேழை பற்றிய ஒரு நோக்கு

மக்கள் இசையை நுகரும் முறை தனிமனித இரசனையால் மட்டும் அமைவதன்று. இசையைச் சுமந்துவரும் சாதனம் எவர் கையில் உள்ளது என்பதும் அதனை நிர்ணயிக்கின்றது. அனுமதியற்ற இசைப்பிரதி பற்றிய விவாதங்கள் பலவும் இவ்வுண்மையைக் கருத்திற் கொள்ளாது, அதனை வெறும் ஒழுக்கக்கேடாகவே நோக்குகின்றன.

1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகஞ்செய்த ஒலிப்பேழை இவ்வகையில் ஒரு திருப்புமுனையாகும். இசைத்தட்டை வீட்டில் ஆக்க முடியாது; பேழையிலோ எவரும் பதியலாம், அழிக்கலாம், மீளப் பதியலாம். இந்தியாவில் கிராமபோன் கம்பனியின் நீண்டகால ஆதிக்கம் 1980 களில் தளர்ந்தமைக்கு மலிவான பேழையே பிரதான காரணமாயிற்று. ஈழத்துத் தமிழ் நகரங்களில் 'ரெக்கோடிங் பார்'கள் தோன்றின. வாடிக்கையாளர் தாளில் எழுதிக் கொடுத்த பாடல்களை அவை வெற்றுப் பேழையிற் பதிந்து கொடுத்தன. இசைத்தட்டுக் கம்பனி வகுத்த வரிசை மறைந்து, கேட்போனின் தெரிவே வரிசையாயிற்று.

இலங்கையில் 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை நடைமுறையிலிருந்த காலமும் இதுவே. சட்டத்தின் நோக்கில் இத்தொழில் களவு. அக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிடவும் இயலாது. பெருஞ்சந்தையுடைய தென்னிந்தியத் திரையிசை இவ்விழப்பைத் தாங்கவல்லது. சிறு சந்தையை நம்பிய ஈழத்துப் பொப்பிசை, மெல்லிசைக் கலைஞர்க்கோ விற்பனையாகாத ஒவ்வொரு பேழையும் பேரிழப்பே.

எனினும், வேறொரு பக்கமும் உண்டு. 1990 இன் பின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருளில் மூழ்கிய ஆண்டுகளில், மின்கலங்களும் கிடைத்தற்கரியனவாயின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் பாட்டுக் கேட்டனர். பாட்டு அவர்தம் வீட்டு அலுமாரியில் இருந்தமையாலேயே அது சாத்தியமாயிற்று.

1999 இல் தோன்றிய நப்ஸ்ரர் 2001 இல் நீதிமன்ற நடவடிக்கையால் முடங்கியது, பிரதிசெய்தலோ முடங்கவில்லை. 2008 இல் ஸ்பொட்டிபை போன்ற சேவைகள் வந்து, சட்டபூர்வமாகக் கேட்பதை இலகுவாக்கிய பின்னரே பலர் பிரதிசெய்தலைக் கைவிட்டனர். தண்டனை சாதியாததை வசதி சாதித்தது. ஆனால் இவ்வசதிக்கு ஒரு விலையுண்டு. சந்தா நின்றால் பாட்டு நிற்கும். உரிமையாளர் அனுமதியை மீளப்பெற்றால் பாட்டு மறையும். இலட்சக்கணக்கான பாடல்களை அணுகக்கூடிய கேட்போனிடம் சொந்தமாக ஒன்றேனும் இல்லை. முன்னர் வாங்கியவன், இன்று வாடகைக்குக் குடியிருப்பவன்.

ஆகவே, களவு குறைந்தது என்பதைக் கொண்டு மட்டும் இம்மாற்றத்தை முன்னேற்றம் எனக் கொள்வது பொருந்தாது. படைத்தவனுக்கு ஊதியமும் கேட்டவனுக்கு உடைமையும் என்ற இரண்டும் நியாயமான கோரிக்கைகளே. ரெக்கோடிங் பார் முதலாவதை மறுத்தது. இன்றைய சேவை இரண்டாவதை மறுக்கின்றது. நெருக்கடிக் காலத்தில் ஒரு சமூகத்தின் பாட்டு எவர் கையில் இருக்கும் என்ற வினாவுக்கு விடை காணும்வரை, இப்பிரச்சினை தீர்ந்ததாகாது.