பல்சக்கரங்களின் சுருதி

"உதெல்லாம் பிறகு பாக்கலாம் தம்பி. முதல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளும்."

டேங்கில் இருந்த கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்த என்னிடம் அண்ணை சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். வடமேற்கு லண்டனில் பல வருடங்களாக மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர். எங்கள் வட்டத்தில் யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். மாட்டுச் சந்தைக்குப் போகும்போது பல் பிடித்துப் பார்க்கவும் சுழி பார்க்கவும் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்துப் போவார்களே, அதுபோல.

அந்த வாரம் நாங்கள் பார்த்தவை இரண்டு ஹோண்டா விஎஃப்ஆர்800. ஒன்று 1999ஆம் வருடத்துச் சிவப்பு, மற்றது 2003ஆம் வருடத்து வெள்ளி நிறம். இரண்டும் முப்பதாயிரம் மைலைத் தாண்டியவை. விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் அதே 781 சிசி. தொண்ணூறு பாகைக் கோணத்தில் விரிந்த நான்கு சிலிண்டர்கள், பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் இரண்டு ரேடியேட்டர்கள், பின்சக்கரத்தை ஒரே புறமிருந்து தாங்கும் ஒற்றைக் கை. சற்றே முன்சாய்ந்து உட்கார வேண்டும். ஆனால் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி இறங்கினாலும் முதுகு முறையிடாது. ஸ்போர்ட் டூரிங் என்ற வகைக்கு இங்கிலாந்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அண்ணை சொன்னதுபோல, காதை வைத்து.

சிவப்பு வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அடியில் ஓர் உறுமல் எழும். வி-ஃபோர் எஞ்சின்களுக்கே உரிய, சீரற்ற துடிப்புள்ள, கரகரப்பான குரல். அதற்கு மேலே, ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக, மெல்லிய உலோக முனகல் ஒன்று விடாமல் கூடவே ஏறிவரும். நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வாசிப்பதே ஒரு சுரம்தான், அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவர் ஒரு நொடி மூச்சை விட்டால் கச்சேரியே அம்மணமாகிவிடும். சிவப்பு வண்டியின் முனகல் அப்படிப்பட்டது. அது கேம்களைச் சுழற்றும் பல்சக்கரங்களின் ஒலி.

ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்களைக் கிராங்க் தண்டுதான் சுழற்றுகிறது. நடுவில் பெரும்பாலும் ஒரு சங்கிலி இருக்கும். மலிவு, எடை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் சங்கிலி நீளும், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளரும். சிவப்பு வண்டியில் சங்கிலியே கிடையாது. கிராங்கின் வலது முனையிலிருந்து மேலே கேம் வரை பல்சக்கரங்கள், ஒன்றின் தோளில் ஒன்று கைவைத்து நிற்பதுபோல. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரே சக்கரத்தை இரண்டு தட்டாகப் பிளந்து, நடுவில் ஸ்பிரிங் வைத்து, ஒரு தட்டை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் தள்ளச் செய்திருக்கிறார்கள். எதிரே வரும் பல்லை அவை இரண்டும் சேர்ந்து கவ்விக்கொள்கின்றன. கடகட போய்விடும். முனகல் மட்டும் மிஞ்சும்.

ஒரு சாதாரண ரோட்டு வண்டிக்கு இவ்வளவு பாடு தேவையா? தேவையில்லைதான். இதற்குப் பின்னால் ஓர் அவமானக் கதை இருக்கிறது. 1983இல் ஹோண்டா விஎஃப்750எஃப் என்ற வி-ஃபோரைப் பெரிய ஆரவாரத்தோடு இறக்கியது. அதன் கேம்கள் தேய்ந்துபோயின. 'சாக்லேட் கேம்' என்று ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் இன்றைக்கும் அழியவில்லை. போன மானத்தை மீட்க 1986இல் வந்தது விஎஃப்ஆர்750. கேம்களைச் சுழற்ற முழுக்கப் பல்சக்கரங்கள். தேவைக்கு மேல் ஒரு மடங்கு வலுவாகச் செய்து காட்டுவதுதான் அங்கே மன்னிப்புக் கேட்ட விதம் என்று நினைக்கிறேன். அந்தக் குடும்பத்தின் பந்தய வாரிசான ஆர்சி30 1988இல் முதல் உலக சூப்பர்பைக் பட்டத்தை வென்றது. அடுத்து வந்த ஆர்சி45இல் ஜான் கொசின்ஸ்கி 1997இல் வென்றார். அதற்கு மறுவருடம், அந்த எஞ்சினின் வழிவந்ததைக் கொஞ்சம் சாந்தப்படுத்தி, விஎஃப்ஆர்800 என்று ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆர்வலர்கள் இதை ஐந்தாம் தலைமுறை என்பார்கள். சிவப்பு வண்டி அந்த வகை.

2002இல் ஆறாம் தலைமுறை. பல்சக்கரங்கள் போய்ச் சங்கிலி வந்தது. கூடவே வீ-டெக்.

வீ-டெக்கைக் குறை சொல்வது வி-ஃபோர் ரசிகர்களிடையே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அழகான யோசனை. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு. மெதுவாகப் போகும்போது அதில் இரண்டு மட்டுமே வேலை செய்யும், மற்ற இரண்டும் தூங்கும். வால்வு குறைந்தால் காற்று வேகமாக உள்ளே பாயும், பெட்ரோலோடு நன்றாகக் கலக்கும், கீழ்வேகத்தில் இழுவை கிடைக்கும். ஆர்பிஎம் முள் ஏழாயிரத்தை நெருங்கும்போது எண்ணெயின் அழுத்தம் ஒரு சின்ன ஊசியைத் தள்ளுகிறது. தூங்கிய வால்வுகள் விழித்துக்கொள்கின்றன. எட்டு வால்வு எஞ்சின் கண்ணிமைக்கும் நேரத்தில் பதினாறு வால்வு எஞ்சினாகிவிடுகிறது. இந்த எண்ணத்துக்கு ஹோண்டாவில் வயது அதிகம். 1983இலேயே சிபிஆர்400எஃப் என்ற ஜப்பானிய வண்டியில் இதன் முதல் வடிவம் வந்துவிட்டது.

கேட்பதற்கும் சுகம்தான். ஒற்றைத் தவிலில் போய்க்கொண்டிருந்த பல்லவியில் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாவது தவில் சேர்ந்துகொண்டால் எப்படியிருக்கும்? உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்துவிடுவார். வெள்ளி வண்டியை நெடுஞ்சாலை நுழைவில் முதல்முறை முறுக்கியபோது நான் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். ஆசனத்துக்கடியிலிருந்து இரண்டு சைலன்சர்களும் ஒருசேரக் கத்தின.

சிக்கல் மறுநாள் தெரிந்தது. வளைவு ஒன்றில் வண்டியைச் சாய்த்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரைப் பட்டும்படாமல் பிடித்து, முள் சரியாக அந்த ஏழாயிரத்தின் வாசலில் நின்றால் என்ன ஆகும்? எஞ்சினுக்கே தெரியாது. உள்ளே போகவா, வெளியே நிற்கவா என்று தடுமாறும். சாய்ந்திருக்கும் வண்டியில் அந்தத் தடுமாற்றம் நேராக வயிற்றில் வந்து உட்காரும். 2006இல் அந்த மாற்றத்தைக் கொஞ்சம் முன்னதாகவும் மென்மையாகவும் வரும்படி திருத்தினார்கள். ஆறாம் தலைமுறைதான் வேண்டும் என்பவர்கள் அந்த வருடத்துக்குப் பிந்தையதைத் தேடுவது நல்லது.

ஐந்தாம் தலைமுறையில் அந்த வாசல் இல்லை. மூவாயிரத்திலிருந்து சிவப்புக்கோடு வரை ஒரே மூச்சு. படி கிடையாது, சரிவு மட்டுமே. அதை ஓட்டும்போது கை செய்வதற்கும் சக்கரம் செய்வதற்கும் நடுவே யாரோ மொழிபெயர்க்கிறார்கள் என்ற உணர்வே வராது.

ஆனாலும் நியாயம் பேசவேண்டும். ஆறாம் தலைமுறையின் முன்ஃபோர்க் 41 மில்லிமீட்டரிலிருந்து 43ஆகத் தடித்தது. டேங்க் 21 லிட்டரிலிருந்து 22 ஆனது. விரும்பினால் ஏபிஎஸ்ஸும் கிடைத்தது. வருடத்தில் பாதிநாள் ஈரமாகக் கிடக்கும் இந்த ஊர்ச் சாலையில் ஏபிஎஸ்ஸைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. வால்வு இடைவெளி பார்ப்பது இரண்டுக்குமே 16,000 மைலுக்கு ஒருமுறை. ஆனால் வீ-டெக்கில் அந்த ஊசிகளோடு மல்லுக்கட்டவேண்டும். மெக்கானிக்கின் மணிக்கணக்கு கூடும், பில்லும் கூடும். அண்ணை அதற்கு ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார்.

அவர் வண்டியைச் சோதித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் ஒரு கலை. இந்த வண்டிகளில் முன் பிரேக்கும் பின் பிரேக்கும் பிணைக்கப்பட்டவை. முன்லீவரைப் பிடித்தால் இடதுபக்கக் காலிப்பரைச் சுழலும் டிஸ்க் இம்மியளவு முன்னால் இழுக்கும். அந்த இம்மியசைவு ஒரு சின்னப் பிஸ்டனைத் தள்ளும். அதிலிருந்து எண்ணெய் பின்சக்கரத்துக்கு ஓடி, அதையும் பிடிக்கவைக்கும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு முதலில் தின்பது அந்த மூட்டைத்தான். அண்ணை வண்டியை நடுஸ்டாண்டில் ஏற்றி, என்னைப் பின்சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். அவர் முன்னால் குனிந்து இடது காலிப்பரை உள்ளங்கையால் தள்ளினார். என் கையில் சக்கரம் சட்டென்று இறுகியது. "உயிர் இருக்கு" என்றார். பிறகு பாட்டரியில் மீட்டரை வைத்து, எஞ்சினை ஐயாயிரத்தில் நிறுத்தி, பதினான்கு வோல்ட் வருகிறதா என்று பார்த்தார். இரு தலைமுறைக்கும் பொதுவான பலவீனம் ரெகுலேட்டர். மூன்று மஞ்சள் ஒயர்கள் சேரும் கனெக்டரைக் கழற்றிக் கருகியிருக்கிறதா என்றும் பார்த்தார். கடைசியாக முகர்ந்தும் பார்த்தார். எண்ணெய் தீய்ந்த வாசனைக்கும் பிளாஸ்டிக் தீய்ந்த வாசனைக்கும் வித்தியாசம் தெரிந்த மூக்கு அது.

இரண்டும் தேறின. விற்பவர்கள் இருவரும் பழைய எம்ஓடி (வருடாந்தர வண்டிச் சோதனை) சான்றிதழ்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மூளைக்கு வேலை கொடுத்தால் நான் வெள்ளியைத்தான் எடுத்திருக்க வேண்டும். சிவப்பை எடுத்தேன். அந்த ஒத்துக்காரருக்காக. கோயில் கச்சேரிகளில் அவர் இடத்தில் சுருதிப்பெட்டி வந்து உட்கார்ந்து நாளாயிற்று. சுருதி பிசகாது, சம்பளமும் கேட்காது. விஎஃப்ஆரிலும் அந்தப் பல்சக்கரங்கள் திரும்பி வரவேயில்லை. 2014இல் ஆசனத்தடி சைலன்சரை எடுத்துவிட்டுப் புது வண்டி வந்தபோதும் உள்ளே சங்கிலியும் வீ-டெக்கும்தான்.

வெள்ளி வண்டியை வாங்கியவர் அண்ணையே. எனக்கு அதிர்ச்சி. "காதைக் குடுத்துக் கேளும் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு..." என்று அவர் பாஷையிலேயே இழுத்தேன். "எனக்கு வயசு போட்டுது தம்பி. காது போதாது, ஏபிஎஸ்ஸும் வேணும்" என்றார்.

எங்கள் பேட்டையை ஒட்டிப் போகும் ஏ5 சாலை மார்பிள் ஆர்ச்சில் தொடங்கி வேல்ஸின் கடைக்கோடியான ஹோலிஹெட் வரை போகிறது. அதன் வேல்ஸ் பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தாமஸ் டெல்ஃபர்ட் அமைத்தார். தபால் வண்டிக் குதிரைகள் மூச்சுவாங்காமல் ஏறட்டும் என்று மலைக்குள்ளும் ஏற்றத்தை மட்டாக வைத்தார். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை இருவரும் அதில் கிளம்பினோம். ஸ்னோடோனியாவுக்குள் நுழைந்ததும் சாலை ஆற்றோடு சேர்ந்து நெளியத் தொடங்கியது. கற்சுவர்கள் ஒலியை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. நான்காம் கியரில், ஐயாயிரத்துச் சொச்சத்தில், அடியில் உறுமலும் மேலே முனகலுமாக நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடியில் யாருமில்லை.

பின்னால் எங்கோ ஒரு வளைவுக்கு அப்பால் இரண்டாவது தவில் சேர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, இடதுபக்கம் ஒதுங்கி வழிவிட்டேன். வெள்ளி வண்டி என்னைக் கடந்து போனது, அண்ணை இடது கையைத் தூக்கி ஆட்டினார்.