கலைத்துப் போட்ட பாட்டுகள்

ஒருவருடைய ரசனையை அறிய அவரிடமே பட்டியல் கேட்பது வீண். பட்டியல் என்பது கூடத்தில் மாட்டிய படம். வருகிறவர்கள் பார்க்க மாட்டியது. கைப்பேசியில் சேர்ந்து கிடக்கும் பாட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிட்டுக் கேட்டால் உள்ளறை தெரிந்துவிடும் என்கிறார்கள். பாதி உண்மை.

வரிசையில் அர்த்தம் தேடுவதை என்னால் ஒப்ப முடியவில்லை. ஆப்பிள் கம்பெனியின் கருவிகளில், ஒரே பாடகர் அடுத்தடுத்து வந்தால் இது குலுக்கலே அல்ல என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். 2005-ல் அந்தக் கம்பெனி, அப்படித் தொடர்ந்து வருவதைக் குறைத்துக்கொள்ளும் வசதியையே சேர்த்துக் கொடுத்தது. நிஜமான தற்செயல் நமக்குப் பொறுப்பதில்லை! வரிசையை வைத்து ஆளைக் கணிப்பது கிளி ஜோசியம்.

ஆனால் சரக்கு நம்முடையதுதானே? திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறவர் காதில் மாட்டிக்கொண்டு நடக்கிறார் என்று வையுங்கள். இத்தலத்தின்மேல் முத்துசுவாமி தீட்சிதர் சாரங்கா ராகத்தில் பாடிய 'அருணாசலநாதம்' வருகிறது. 1964-ல் வந்த 'அருணகிரிநாதர்' படத்துத் திருப்புகழ், டி. எம். சௌந்தரராஜன் குரலில். அடுத்தது மட்டமான காதல் பாட்டு ஒன்று. ஈசானிய லிங்கத்தருகே இதென்ன என்று விரல் பாய்ந்து அதைத் தள்ளிவிடுகிறது. தள்ளுகிறதே தவிர அழிப்பதில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தள்ளுவார். அது செத்துப்போன தம்பி விரும்பிக் கேட்ட பாட்டாக இருக்கலாம். பட்டியல் கேட்டால் தீட்சிதரைத்தான் சொல்வார்.