ஒரு குரல், நான்கு அவைகள்: கப்பல் தந்தியாளர் ஹெரால்டு பிரைடின் நினைவுரைகளில் கூற்றும் எச்சமும்

ஆய்வுச்சுருக்கம்

டைட்டானிக் கப்பலின் இளநிலைத் தந்தியாளராகப் பணியாற்றி உயிர்பிழைத்த ஹெரால்டு பிரைடு, ஒரே இரவின் நிகழ்வுகளை 1912 ஏப்ரல், மே மாதங்களில் நான்கு இடங்களில் எடுத்துரைத்தார். அவ்வுரைகள் தம்முள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளைப் பொய் என்றோ மறதி என்றோ ஒதுக்காமல், தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், எச்சம் ஆகிய உறுப்புகளின் துணையுடன் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முன்னுரை

நேரில் கண்டவரின் முதல் நினைவுரையே நம்பத்தகுந்தது, நாள் செல்லச் செல்ல நினைவு திரியும் என்னும் கருத்து தன்வரலாற்று ஆய்வில் பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. பிரைடின் நினைவுரைகள் இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன. அவருடைய முதல் உரையே மிகுந்த அலங்காரம் உடையது. அதிக விலைக்கு விற்கப்பட்டதும் அதுவே. பின்வந்த உரைகள் படிப்படியாகத் தணிந்து, இறுதியில் அவர் பொதுவெளியில் ஏறத்தாழ மௌனமாகிவிடுகிறார்.

இந்நான்கு உரைகளுள் ஒன்றில் ஒரு மனிதர் தாக்கப்பட்டு, மூழ்கும் கப்பலில் விடப்படுகிறார். அவர் பெயரை எவரும் அறியார். அவர் தரப்பைச் சொல்ல எவரும் உயிரோடு இல்லை. ஆகவே பிரைடின் சொற்களை எவ்வாறு படிப்பது என்பது வெறும் நடை பற்றிய வினா அன்று. விடை கூற இயலாத ஒருவருக்கு வாசகர் செய்யவேண்டிய நீதி பற்றிய வினாவும் ஆகும்.

தொழிலும் தன்மையொருமையும்

1890இல் இலண்டனில் பிறந்த பிரைடுக்குக் கப்பல் மூழ்கியபோது வயது 22. முதுநிலைத் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸுக்கு வயது 25. இருவரும் மார்க்கோனி நிறுவனத்தின் ஊழியர்கள். பயணிகளின் தனிப்பட்ட செய்திகளைக் கட்டணத்திற்கு அனுப்புவதே அவர்களது அன்றாடப் பணியின் பெரும்பகுதி. கப்பலில் இருந்த 5 கிலோவாட் கருவி ஏப்ரல் 12ஆம் நாள் இரவு பழுதடைந்தது. இருவரும் பல மணி நேரம் உழைத்து அதனைச் சரிசெய்தனர். அதனால் களைத்திருந்த பிலிப்ஸை விடுவிக்க, 14ஆம் நாள் நள்ளிரவில் வழக்கத்தினும் முன்னதாகவே பிரைடு எழுந்துவந்தார். மோதல் அதற்குச் சற்று முன்பு, இரவு 11.40க்கு நிகழ்ந்திருந்தது.

தந்தியாளரின் தொழில் தன்னை மறைத்துக்கொள்ளும் தொழில். பிறர் சொன்னதைப் புள்ளியும் கோடுமாக மாற்றுவதும், வந்த புள்ளியையும் கோட்டையும் எழுத்தாக்கிப் பிறரிடம் சேர்ப்பதுமே அவர் கடமை. அவ்விரண்டிலும் 'நான்' என்னும் சொல்லுக்கு இடமில்லை. இத்தகைய தொழிலில் பழகிய ஒருவர் திடீரெனத் தன்மையொருமையில் பேச நேரும்போது அந்த 'நான்' யாருடையது என்னும் வினா எழுகிறது.

முதல் அவை: நாளிதழ்

கார்பேத்தியா கப்பல் உயிர்பிழைத்தோருடன் ஏப்ரல் 18ஆம் நாள் இரவு நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. மார்க்கோனியுடன் கப்பலேறிய நியூயார்க் டைம்ஸ் செய்தியாளரிடம் பிரைடு தம் கதையைச் சொன்னார். மறுநாள் அது அவர் பெயரிலேயே வெளிவந்தது. சொன்னவர் ஒருவர், எழுதியவர் மற்றொருவர். இதற்காக அவருக்கு 1,000 டாலர் கிடைத்தது. கப்பல் கரை சேருமுன்பே, கதையைப் பிறருக்குக் கொடாமல் வைத்திருக்குமாறு தந்தியாளர்களுக்கு அனுப்பப்பட்ட செய்திகள் பின்னர் அமெரிக்கச் செனட் விசாரணையில் கண்டனத்திற்கு உள்ளாயின.

இவ்வுரையில் மெய்ப்பாடுகள் நிறைந்துள்ளன. எஸ்ஓஎஸ் என்னும் புதிய அழைப்பை அனுப்பிப் பார்க்குமாறு பிலிப்ஸிடம் தாம் வேடிக்கையாகச் சொன்னதையும், தலைவர் ஸ்மித் உட்பட அனைவரும் சிரித்ததையும் பிரைடு நினைவுகூர்கிறார், இது நகை. இறுதிவரை கருவியை விட்டகலாத பிலிப்ஸைப் பற்றிப் பேசுமிடம் பெருமிதம். பிலிப்ஸின் உயிர்காப்பு அங்கியைக் கழற்ற முயன்ற கொதிகலன் தொழிலாளியைப் பற்றிப் பேசுமிடம் வெகுளி. அந்த மனிதரைத் தாமே தாக்கியதாகவும், அவர் இறந்திருக்கவேண்டும் எனத் தாம் விரும்பியதாகவும் பொருள்படப் பிரைடு கூறுகிறார். இங்கு வினைமுதல் 'நான்' மட்டுமே.

பிற அவைகள்: விசாரணையும் கடிதமும்

மறுநாளே, ஏப்ரல் 20இல், செனட்டர் வில்லியம் ஆல்டன் ஸ்மித் தலைமையிலான குழுவின்முன் பிரைடு சாட்சியளித்தார். அவருடைய கால்கள் குளிராலும் நசுங்கலாலும் புண்பட்டிருந்தன. மே மாதத்தில் இலண்டன் விசாரணையிலும் சாட்சியளித்தார். இவ்விரண்டிற்கும் இடையே, ஏப்ரல் 27ஆம் நாளிட்ட கடிதம் ஒன்றைத் தம் நிறுவன அலுவலருக்கு எழுதினார்.

விசாரணையில் கதையின் போக்கை நிர்ணயிப்பவர் சொல்பவர் அல்லர், கேட்பவரே. எனவே நாளிதழில் முதன்மை பெறாத செய்திகள் இங்கு மேலெழுகின்றன. 14ஆம் நாள் மாலை கலிபோர்னியன் கப்பல் பனிக்கட்டி பற்றிய செய்தியுடன் அழைத்தபோது, தாம் கணக்கு எழுதிக்கொண்டிருந்ததால் உடனே அதனை ஏற்கவில்லை என்றும், சிறிது நேரம் கழித்து அதே செய்தி வேறொரு கப்பலுக்கு அனுப்பப்பட்டபோது கேட்டு எழுதி மேல்தளத்தில் சேர்த்ததாகவும் அவர் ஒப்புக்கொண்டார். வீரக்கதையில் இடம்பெறுவதற்கு ஏற்ற செய்தி அன்று இது. ஆனால் தந்தியாளரின் உண்மையான வாழ்வு இதுவே: கட்டணக் கணக்கிற்கும் அபாயச் செய்திக்கும் ஒரே மேசை, ஒரே காது.

பிலிப்ஸின் இறப்பு மற்றோர் எடுத்துக்காட்டு. கார்பேத்தியாவில் ஏறும்போது தாம் கடந்துசென்ற இறந்த மனிதர் பிலிப்ஸே என நாளிதழ் உரை கூறுகிறது. விசாரணையிலோ, கவிழ்ந்த மடக்குப் படகில் பிலிப்ஸ் இருந்தார் என்பதைப் பின்னர்ப் பிறர் சொல்லக் கேட்டதாகவே பிரைடு கூறினார். கண்டது கேட்டதாகத் தணிகிறது. ஆயினும் நாளிதழ்ச் சித்திரமே பரவியது. அதே படகில் உயிர்பிழைத்த அதிகாரி லைட்டாலர் 1935இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பிலிப்ஸ் அப்படகில் இருந்து பேசியதாகவே எழுதினார். ஒருவரது நினைவு எங்கு முடிகிறது, பலரது நினைவு எங்குத் தொடங்குகிறது என்பதை இங்குப் பிரித்தறிதல் அரிது.

கொதிகலன் தொழிலாளி: 'நான்' 'நாங்கள்' ஆதல்

நான்கு உரைகளிலும் மிக நுட்பமான மாற்றம் அத்தொழிலாளியைப் பற்றியதே. நிறுவனத்திற்கு எழுதிய கடிதத்தில் அவ்விடம் மூவர் கலந்த கைகலப்பாகிறது. வினைமுதல் 'நாங்கள்' ஆகிறது. அவசரத்தில் அம்மனிதரை உடனழைத்துச் செல்ல இயலவில்லை என்று வருத்தம் தெரிவிக்கும் தொனி வருகிறது. அவர் தந்தி அறையிலேயே கப்பலுடன் மூழ்கியிருப்பார் என முடிகிறது. வெகுளி தணிந்து, எள்ளல் கலந்த ஒரு கசப்பாக மாறிவிட்டது. இலண்டன் விசாரணையில், அவர் கொதிகலன் தொழிலாளி என்பது எவ்வாறு தெரியும் என வினவப்பட்டபோது, தோற்றத்தைக் கொண்டே அவ்வாறு கருதியதாகப் பிரைடு விடையளித்தார்.

இச்சிறு விடை பெரும் பொருளுடையது. முதல் உரையில் உறுதியாகச் சொல்லப்பட்ட தொழில் அடையாளம், இங்கு ஊகமாகிவிடுகிறது. அகத்திணை மரபில் தலைவன், தலைவியர் பெயர் சுட்டப்படுவதில்லை. அங்குப் பெயரின்மை ஒருவரது உணர்வை எல்லார்க்கும் உரியதாக்குகிறது. பிரைடின் உரையிலோ பெயரின்மை ஒருவரை அவர் வர்க்கத்தின் அச்சில் வார்த்துவிடுகிறது. கரி படிந்த உடையினர் கீழ்த்தளத்திலிருந்து வந்து மேல்தளத்து வீரனின் அங்கியைத் திருடுகிறார் என்பது அன்றைய வாசகர் எளிதில் நம்பத்தக்க சித்திரம். பிலிப்ஸின் கருவி இறுதிவரை இயங்கத் தேவையான மின்னாற்றல், கீழ்த்தளத்தில் நீராவியைக் காத்துநின்ற பொறியாளர்களாலும் தொழிலாளர்களாலுமே கிடைத்தது என்பதை அச்சித்திரம் மறக்கச் செய்கிறது. கப்பலின் பொறியாளர் ஒருவரும் உயிர்பிழைக்கவில்லை.

இதனால் பிரைடு பொய்யர் என முடிவு கட்டுதல் பொருந்தாது. அறையில் ஏதோ ஒரு கைகலப்பு நிகழ்ந்தது என்பதில் அவருடைய உரைகள் ஒத்துள்ளன. யார் தாக்கினார், தாக்குண்டவர் யார், எந்த உணர்வுடன் அது நிகழ்ந்தது என்பவற்றிலேயே வேறுபாடு. நாளிதழ் வாசகர்க்கு வீரன் தேவைப்பட்டான். நிறுவனத்திற்குப் பொறுப்புள்ள ஊழியர் தேவைப்பட்டார். விசாரணைக் குழுவிற்கு எல்லை அறிந்து பேசும் சாட்சி தேவைப்பட்டார். இன்னார்க்கு இன்னார் இவ்விடத்துக் கூறுதற்கு உரியது இது என உணரவைப்பதைச் செய்யுளியல் முன்னம் என்கிறது. பிரைடின் நினைவு கேட்போர்க்கு ஏற்ப வடிவெடுத்தது. நினைவுரை ஒன்றை மட்டும் தனித்துப் படிப்போர்க்கு இது புலப்படாது.

இசையும் எச்சமும்

இறுதியில் இசைக்குழு 'ஆட்டம்' என்னும் இசையை வாசித்ததாகப் பிரைடு கூறினார். அச்சொல் ஒரு துதிப்பாடலின் மெட்டைக் குறிக்கிறது என 1955இல் வெளிவந்த தம் நூலில் வால்டர் லார்ட் கருதினார். பின்னர் 1986இல், அது அக்காலத்தில் புகழ்பெற்ற 'சாங் தோட்டோன்' என்னும் நடன இசையாக இருக்கலாம் என அவரே கருத்தை மாற்றிக்கொண்டார். ஒரே சொல்லை வாசகர் தம் விருப்பப்படி பக்தியாகவோ நடனமாகவோ நிரப்பிக்கொண்டனர். குறிப்பால் முடிவு கொள்வது எச்சம். ஆனால் கவிதையில் எச்சத்தை நிரப்புவது சுவைஞரின் உரிமை. வரலாற்றில் அதனை நிரப்புவது பொறுப்புக்குரிய செயல். இவ்வேறுபாட்டை மறந்தால் ஆய்வும் நாளிதழின் வேலையையே செய்யும்.

பிரைடு முதல் உலகப் போரின்போது மீண்டும் கப்பல் தந்தியாளராகப் பணியாற்றினார். பின்னர் அத்தொழிலை விட்டு விற்பனையாளராகி, ஸ்காட்லாந்தில் விளம்பரத்தை விலக்கி வாழ்ந்து, 1956இல் மறைந்தார். 22 வயதில் உலகமே கேட்கப் பேசியவர், பின்னர் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் பொதுவெளியில் பேச விரும்பவில்லை. இம்மௌனத்தைக் குற்றவுணர்வு என்று முடிவுகட்டச் சான்றில்லை. அடக்கம் என்று புகழவும் சான்றில்லை. ஆயினும் அது நினைவுரையின் ஒரு பகுதியே. தம் சொல் பிறர் கையில் என்ன ஆகும் என்பதை ஒருமுறை கண்டவரின் மௌனம் அது எனக் கொள்ள இடமுண்டு.

முடிவுரை

பிரைடின் நான்கு உரைகளையும் ஒருங்கு வைத்துப் படிக்கும்போது மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, காலத்தால் முந்திய நினைவுரை கலப்பற்றது எனக் கொள்வதற்கில்லை. சந்தையும் செய்தியாளரும் அதில் கலந்துள்ளனர். இரண்டாவது, தன்மையொருமையின் விரிவும் சுருக்கமும் கேட்போரைப் பொறுத்தவை. ஆதலால் கூற்றை மட்டுமன்றிக் கேட்போரையும் களனையும் சேர்த்தே தன்வரலாறு ஆராயப்படவேண்டும். மூன்றாவது, நினைவுரையில் பேசும் வாய்ப்பு இல்லாதவருக்கும் ஓர் இடமுண்டு.

அந்தத் தொழிலாளி திருடினாரா, அல்லது தமக்கு ஓர் அங்கி கிடைக்காத அச்சத்தில் கைநீட்டினாரா என்பதைச் சொல்ல எஞ்சியிருந்தவர் ஒருவரே. அவரும் ஒவ்வோர் அவையிலும் அதனை ஒவ்வொரு விதமாகவே சொன்னார். அச்சொற்களுள் மிகக் கடுமையானதையே பின்வந்தோர் திரும்பத் திரும்ப எடுத்தாண்டது பிரைடின் குறை அன்று, வாசித்தோர் குறை. இனி அந்நிகழ்வை எடுத்தாள்வோர், 'தோற்றத்தைக் கொண்டு கருதினேன்' எனப் பொருள்படும் அவருடைய விடையையும் உடன் வைத்து எழுதுவதே முறை.