தாய் வெளியிட்ட மறை

துப்பறியும் கதைகளில் மறை ஒன்று முதலில் வைக்கப்பெறும். இறுதியில் அது வெளிப்படும். வெளிப்பட்டதும் குடும்பத்தின் துயர் நீங்கும். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தமிழ் மக்களைப் பழக்கிய நெறி இது. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970) இந்நெறியைத் தலைகீழாக்குகின்றது. ஈண்டு மறை முன்னரே வெளிப்பட்டுவிட்டது. வெளிப்பட்டதே துயரின் தோற்றுவாய். இப்புதினத்தைக் கங்காவின் கதையாகவே கொண்டு ஆராய்வோர் பலர். அவள் தாய் கனகத்தின் வழி நோக்கினாலன்றி இதன் அச்சமும் ஐயமும் விளங்கா என்பது என் துணிபு.

இதன் வித்து, 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை. மழைநாளில் காரில் ஏறிச் சென்று கற்பிழந்து திரும்பிய மகளின் தலையில் தாய் நீரை ஊற்றுகிறாள். செய்தியைப் பிறர் அறியாமல் மறைக்கிறாள். புதினத்திலோ அதே மழை, அதே கார். தாய் மட்டும் வேறு. கனகம் அலறிவிடுகிறாள். மகன் கணேசன் தங்கையைத் துரத்துகிறான். தாயும் மகளும் வெங்கு மாமாவின் ஆதரவை நாடுகின்றனர். கங்கா கற்றுப் பட்டம் பெறுகிறாள்; வேலையில் அமர்கிறாள்; சென்னையில் இருவரும் தனிக்குடித்தனம் நடத்துகின்றனர். புறத்தே நோக்குவார்க்கு இது புதுவாழ்வு.

தொல்காப்பியர் கூறும் அறத்தொடு நிற்றலை ஈண்டு நினைத்தல் தகும். தலைவியின் மறை தோழி, செவிலி, நற்றாய் எனப் படிப்படியாகச் செல்லும்; தந்தையும் தன்னையரும் அதனைக் குறிப்பினாலேயே உணர்வர். (களவு அன்பின்பாற்பட்டது, கங்காவுக்கு நேர்ந்தது அத்தகையதன்று. ஒப்புமை வெளியிடும் முறை பற்றியதே.) படிகள் அனைத்தையும் கனகம் ஒரு கூக்குரலில் கடந்துவிட்டாள். குறிப்பால் உணர வேண்டிய தமையன் செவியால் கேட்டான். அம்பல் என்னும் நிலையே இன்றி அலர் பிறந்தது.

பிரபு யார், எங்குளான் என்னும் வினா கதையை நடத்துவது உண்மையே. ஆயினும் அது நெடிது நில்லாது. கங்கா அவனைக் கண்டுகொள்கிறாள். அதனினும் கொடிய அச்சம் வீட்டினுள்ளே இருக்கிறது. புதுவாழ்வு தந்த வெங்கு மாமாவே அவளை விழைந்து நெருங்குகிறார். அவர் கனகத்தின் உடன்பிறந்தார்; இருவரும் அவர் உதவிக்குக் கடமைப்பட்டவர். ஒருமுறை தாய் வாய்திறந்ததன் விளைவை அறிந்த மகள், மீண்டும் அவளிடம் முறையிடுவது எங்ஙனம்? இவ்விருவரிடையே ஆர்.கே.வி. எழுதிய கதை அச்சுருவில் வந்து சேர்கிறது. அக்கதையின் தாய் மறைத்தவள். தம் வாழ்வு எவ்வாறு அமைந்திருக்கக் கூடும் என்பதை ஒரு வார இதழ் அவர்களுக்குக் காட்டுகிறது. இப்புதினத்தில் இதனினும் கூரிய இடம் இல்லை.

பிற்பகுதி பற்றி அவ்வாறு கூற இயலாது. பிரபு நண்பனாக வந்த பின்னர் உரையாடல்கள் நீள்கின்றன. ஆசிரியர் அவன் பேச்சில் மயங்கிவிட்டாரோ எனத் தோன்றுகிறது. கனகம் குறை கூறும் முதியவளாகச் சுருங்குகிறாள். மகளின் வாழ்வைக் கூக்குரலால் குலைத்தவளும், மகனை விடுத்து அம்மகளோடு சென்றவளும் ஒருத்தியே. அவ்விரு செயல்களையும் ஓருள்ளத்துள் வைத்து ஆராயும் அதிகாரம் ஒன்று இப்புதினத்தில் எழுதப்பெற்றிருத்தல் வேண்டும்.